ஆறுக்கு ஆறரை, நீலம்

மழை பெய்த மூன்றாம் நாள் ஏறும் சொல் 'கொசு'.
எட்டாம் நாள் 'காய்ச்சல்'.
பஞ்சாங்கத்தில் இது இல்லை,
என் திரையில் இருக்கிறது.

செங்குந்தபுரத்தில் மாடி அறை.
கீழே நூல் கடை. மேலே நான்,
ராக்கியண்ணனின் கொசுவலைகளை
இணையவலையில் விற்கிறவன்.
என்ன வேலை என்று கேட்கும் ஒறம்பரைக்கு
'கம்ப்யூட்டர்ல' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.
அதற்கு மேல் விளக்கினால்
'அப்ப வேற வேல பாத்துட்டு இருக்கறீங்களா' என்பார்கள்.

ஊர் எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும்.
கொசு ஏன் என்னை மட்டும் கடிக்கிறது.
கொசுவுக்குக் காது உண்டா.
ராத்திரி தூக்கம் வராவிட்டால் என்ன வியாதி.
கடைசிக் கேள்விக்கும் எங்கள் விளம்பரம் வரும்,
நான்தான் வரவைத்தேன்.
ஒரு கிளிக் நாலு ரூபாய் இருபது காசு.

பொழுதோட முக்குக் கடையில்
தட்டுவடை செட் தின்னும்போதும்
பக்கத்தில் நிற்பவனின் கட்டைவிரலையே பார்ப்பேன்.
எதில் நிற்கிறது, எதைத் தள்ளுகிறது.
ஒன்றரை நொடி.
கரூர்க் கட்டைவிரலுக்கு அவ்வளவுதான் பொறுமை.
அவன் முறைப்பான்.
சட்னியில் காரம் பத்தலை என்று
கடைக்காரரிடம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு மாதமாக ஒருவர் வருகிறார்.
இரவு இரண்டு பத்துக்கு.
ஆறுக்கு ஆறரை, நீலம், கூடையில் போடுவார்.
பணம் கட்டும் பக்கம்வரை வந்து
போய்விடுவார்.
பெயர் தெரியாது. ஊர் கரூர் என்று மட்டும் காட்டும்.
பத்து சதவீதம் குறைத்தேன். வந்தார், போனார்.
டெலிவரி இலவசம் என்றேன். வந்தார், போனார்.
'இன்னும் இரண்டே மீதம்' என்று பொய் சொன்னேன்,
குடோனில் நாலாயிரம் கிடந்தது.
அன்றைக்கு மட்டும் நாற்பது நொடி நின்றார்.
எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

'வாங்கோணும்னா வாங்கிப்போட்டுப் போறாங்க, உடுங் தம்பி'
என்றார் ராக்கியண்ணன்.
'நீங்க எதுக்குங் ரெண்டு மணிக்கு முழிச்சுட்டுக் கெடக்கறீங்க?'

அதற்கு ரிப்போர்ட்டில் பதில் இல்லை.

போன் மாடல் என்று ஓர் வரி உண்டு,
யாரும் அதைப் பார்ப்பதில்லை.
போன செவ்வாய் பார்த்தேன்.
எனக்குத் தெரிந்த மாடல்.
பதினோரு தவணை கட்டியிருக்கிறேன்,
பன்னிரண்டாவது அஞ்சாம் தேதி.

கோகிலவாணி சுவரைப் பார்த்துப் படுப்பாள்.
நான் கதவைப் பார்த்து.
நடுவில் ஒரு கை அகலம் மெத்தை.
அங்கே அவள் கூடையில் போடப் போட
இங்கே நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்,
வெளிச்சத்தை மறைக்க
இருவரும் போர்வையை இழுத்துக்கொண்டு.

கேட்கவில்லை. எப்படிக் கேட்பது,
உன்னை ஒரு மாதமாகப் பின்தொடர்கிறேன் என்றா?

குடோனில் ஒன்று எடுத்தேன்.
'ஊட்டுக்குங்களா' என்று சிரித்துவிட்டு
பில் போட்டார் ராக்கியண்ணன், வரியோடு.
ஆணி அடிக்கக் கூடாதென்ற வீட்டுக்காரர்
நோம்பிக்குக் கொடுமுடி போன நேரம் பார்த்து
நாலு ஆணி அடித்தேன்.
'நீலமா' என்றாள்.
'அதுதான் இருந்துது' என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போனாள்.

மறுநாள் ராக்கியண்ணன் போன் செய்தார்:
'நேத்து ராத்திரி ஒண்ணு கொறையுதுங்களே தம்பி?'
'மழ நின்னு போச்சுங்' என்றேன்.

நேற்று இரண்டு பத்துக்கு
எப்படியோ வலைக்குள் ஒரு கொசு.
அவள் போன் டார்ச், என் போன் டார்ச்,
நீலத் துணியில் இரண்டு நிலா ஒன்றையொன்று துரத்த
'அங்க, உங்க காதுகிட்ட, அசையாதீங்க'
என்று முழங்காலில் எழுந்தாள்.
தட்டினாள்.

உள்ளங்கையை விரித்து இருவரும் பார்த்தோம்.
ஒன்றுமில்லை.
இன்னும் எங்கேயோ
பாடிக்கொண்டிருந்தது.