மூக்கு எட்டும் தூரம்

லூகோ நகரில், கோட்டைச் சுவருக்கு வெளியே,
ஈஸ்ட் விற்கும் கம்பெனிக்கு
மாதக் கடிதம் எழுதுகிறவள் நான்.
முந்நூற்றுப் பதினெட்டு ரொட்டிக்கடைகள்.
செவ்வாய் காலை பத்து மணிக்கு அனுப்புவேன்.
திறப்பவர்கள் பதினொருவர்;
அதில் மூவர் எங்கள் கணக்குப் பிரிவு.

தலைப்பு வரியை முதலாளி பிரெய்ஷோ சொல்வார்:
'தரத்தின் பாதையில் இன்னொரு மைல்கல்.'
கீழே புதிய லாரி,
லாரிக்கு முன்னால் அவர்,
அவருக்கு முன்னால் அவர் வயிறு.
'அன்பார்ந்த வாடிக்கையாளரே' என்று தொடங்கி
யார் முகத்தையும் பார்க்காமல்
நான்கு பத்தி பேசுவேன்.
கிணற்றில் போட்ட கல்லாவது
'தொபுக்' என்று ஒரு வார்த்தை சொல்லும்.

நவம்பரில் ஒரு ராத்திரி
குளிர்கிடங்கின் மோட்டார் நின்றுபோனது.
வெளியே அடைமழை. முதலாளி போனை எடுக்கவில்லை.
இரண்டு நாற்பதுக்கு, சமையலறையில் நின்றபடி,
லோகோ இல்லாமல், லாரி இல்லாமல் எழுதினேன்:
'நேற்று வந்த ஈஸ்ட் மந்தம்.
மாவை அரை மணி கூடுதலாகப் பொங்கவிடுங்கள்.
தவறு எங்களுடையது. உஷியா.'

விடிவதற்குள்
இருநூற்றுத் தொண்ணூறு பேர் திறந்திருந்தார்கள்.
பத்து மணிக்கு அவர்களெல்லாம் தூங்குகிறார்கள் என்பது
இத்தனை வருஷம் எனக்கு உறைக்கவே இல்லை.
ஒரு பதில்: 'அரை மணி போதாது. நாற்பது நிமிடம். அமாரோ.'
இன்னொன்றில் வெறும் வசவு.
அதையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த கடிதத்தை வழியிலேயே அனுப்பிவிட்டு
அமாரோவின் கடைக்குப் போனேன்,
மலைமேல், பின்னிரவு மூன்று மணிக்கு.
அவருக்கு முழங்கை வரை மாவு.
உப்பு டப்பாவில் சாய்த்த போனில்
என் கடிதம், முதல் இரண்டு வரி.
குனிந்து
மூக்கால் ஒரு தள்ளு தள்ளினார்.
இன்னொரு தள்ளு.
"மூன்றாவதற்குக் கழுத்து வலிக்கும்," என்றார்,
நிமிராமலே.

இப்போதெல்லாம் எழுதி முடித்ததும்
அறைக்கதவைத் தாழிட்டு
போனை நிறுத்திவைத்து
நானும் மூக்கால் தள்ளிப் பார்க்கிறேன்.
மூன்றாவது தள்ளு தேவைப்பட்டால்
ஒரு பத்தி போகிறது.
பெரும்பாலும் எனக்குப் பிடித்த பத்தி.

முதலாளிக்குத்தான் குறை.
"லாரியை அடியிலாவது போடேன்," என்கிறார்.
போடுகிறேன்.
அடியில்,
எந்த மூக்கும் எட்டாத இடத்தில்,
சிரித்துக்கொண்டு நிற்கிறார்.