இருபத்தேழாம் எண்

முதுநகர் மீன்துறையில் எனக்கு
வாயை மூடிக்கொள்ளக் கூலி.
வஞ்சிரக் கூடை சிமெண்டுத் தரையில் இறங்கும்.
ஏலக்காரன் தொண்டை கிழியக் கத்துவான்.
நாங்கள் நாலு பேர்
நாலு திசையைப் பார்த்து நிற்போம்.
ஒருதரம். ரெண்டுதரம்.
மூணுதரத்துக்குள் கடலே விலையிறங்கிவிடும்.
பிறகு டீக்கடையில், கண்ணாடி டம்ளருக்கு அடியில்,
என் ஐந்நூறு.

புதுச்சேரி சுய்ப்ரேன் வீதியில்
கையைத் தூக்கக் கூலி.
இரண்டாயிரம், கஞ்சி போட்ட ஒரு சட்டை,
சட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டும்,
இருபத்தேழு என்று எழுதிய அட்டை.
"ஏற்றுமதிக்காரன் மாதிரி உட்கார்.
சிரிக்காதே. நான் காதைத் தடவினால் நிறுத்து"
என்றார் அந்துவான் பெரியநாயகம்,
சுத்தியலைக் கைக்குட்டையால் துடைத்தபடி.

முதலில் ஒரு கைக்கடிகாரம்.
யாரோ சொல்தா வீட்டு அலமாரியிலிருந்து வந்தது.
அதை நான் ஒருமுறை கேட்டேன்,
பின்வரிசைத் தூண் இரண்டுமுறை கேட்டது.
ஆமாம், தூண்தான்.
"பின்னாடி ஐயா, மூன்று லட்சம், மெர்சி" என்று
அந்துவான் அதற்குத் தலைவணங்கினார்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
திரும்பிப் பார்ப்பது வசதியில்லாதவன் பழக்கம்.
சென்னைக்காரர் ஒருவர் தூணைத் தோற்கடித்து
நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது படம்.
நீலத்தில் மூன்று கட்டுமரம், கரையில் ஒரு நாய்.
கட்டுமரத்தில் கயிறு கட்டிய விதம் தப்பு.
அதைச் சொல்ல எனக்குக் கூலி இல்லை.
எட்டு லட்சம், நான்.
ஒன்பது, போனில் யாரோ.
போன் பிடித்த பெண் என் பக்கத்து நாற்காலி;
அவள் காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை.
பதினெட்டில்
முன்வரிசைப் பட்டுச்சேலை அசைந்தது.
தூண்டிலில் மீன் மூக்கை வைத்தால்
விரலுக்குத் தெரியும்.
இருபத்திரண்டு, நான்.
இருபத்தைந்து, அவள்.
அந்துவான் காதைத் தடவினாராம்.
நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு காதைத் தூக்கி, மற்றதை மறந்து,
யாருக்காகவோ நிற்கிற நாய்.
கை தானாக எழுந்தது. இருபத்தெட்டு.

ஒருதரம்.
அவள் கைப்பையை மூடினாள்.
ரெண்டுதரம்.
அந்துவான் தூணைப் பார்த்தார்; தூணும் கைவிட்டது.
டொக்.

கைதட்டினார்கள்.
இருபத்தெட்டு லட்சத்துப் படத்துக்குச் சொந்தக்காரன்
கடலூர் பஸ்ஸுக்குச் சில்லறை தேடினேன்.
அடிப்பார் என்று நினைத்தேன். தோளைத் தட்டினார்.
"விற்காவிட்டால் என்னய்யா,
விலை பிறந்துவிட்டதே."
படம் முன்வாசலில் பெட்டிகட்டிப் போய்
பின்வாசல் வழியாக அதே அறைக்கு வந்தது.
விலைதான் திரும்பி வரவில்லை.
பேப்பரில் ஏறியது, அடுத்த பட்டியலில் ஏறியது,
காப்பீட்டுத் தாளில் ஏறியது,
ஒரு பேங்க் அதை அடமானமாகவும் நம்பியது.

பத்தாம் நாள் துறைக்கு ஓர் ஆள் வந்தார்.
நகக்கண்ணில் நீலம்.
கலியபெருமாள், அரும்பார்த்தபுரம்,
சைன்போர்டு எழுதுகிறவர்.
ஐந்து வருடம் முன்பு எட்டாயிரத்துக்குக் கொடுத்தாராம்,
ஃபிரேமோடு சேர்த்து.
விலாசம் வாட்ச்மேன் சொன்னாராம்.
"நீங்கதானா வாங்கினது?
இவ்வளவு எளிமையா இருக்கீங்களே!"
செதில் ஒட்டிய என் கையை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.
போர்டு வேலையை விட்டுவிட்டாராம்.
வட்டிக்கு வாங்கிக் கித்தான் சுருள் இறக்கியிருக்கிறாராம்.
படத்துக்கு ஐந்து லட்சம் சொல்கிறாராம்.
"இன்னும் யாரும் கேட்கலை.
கேட்பாங்க, இல்ல?"

பின்னால் கூடை இறங்கியது.
ஏலக்காரன் கத்தத் தொடங்கினான்.
மற்ற மூவரும் தத்தம் திசைக்குத் திரும்பிவிட்டார்கள்.
நான் வாயை மூடவேண்டிய நேரம்.

"கயிறு கட்டினது தப்பு" என்றேன்.
"நாய் நல்லா இருந்துச்சு."

அது எங்க வீட்டு நாய்,
நிஜமாவே அதைப் பார்த்தீங்களா என்று
ஒருதரம் கேட்டார்.
ரெண்டுதரம் கேட்டார்.