மினுங்காத கறுப்பு

கல்லடிப் பாலத்தில் ட்ராபிக் இறுகிய ஒரு மத்தியானம்
எனக்கு முன்னால் அது நின்றது.
மெட் பிளெக்.
வெயில் அதன்மேல் விழுந்தது, திரும்பி வரவில்லை.
மற்ற எல்லாக் கார்களும் கண்ணைக் குத்த
அது மட்டும்
நிலவில்லாத இரவில் வாவி கிடப்பதுபோலக் கிடந்தது.
என் பின்சீட்டில் நாற்பத்தொரு சோற்றுப் பார்சல்
ஆறிக்கொண்டிருந்தன.
ஹோர்ன் அடிக்க மறந்துபோனேன்.

என்னுடையது வெள்ளை ஆல்ட்டோ.
வெள்ளை என்பது புத்தகத்தில்.
பொனட்டில் பெயின்ட் அப்பளமாய் எழும்பி
தட்டினால் நொறுங்கும்.
கதவின் அடியை உப்புக் காற்று தின்றுகொண்டிருந்தது.

கொழும்பில் ஸ்டிக்கர் சுற்றித் தருவார்களாம், மூன்று லட்சம்.
காத்தான்குடி நிஸ்தார்
காரை ஒருதரம் சுற்றி நடந்தார்,
நகத்தால் ஓரிடம் சுரண்டினார்.
"மினுங்கிற பெயின்ட் எண்டா கொறச்சிச் செய்யலாம் தங்கச்சி.
மினுங்காம இரிக்கத்தான் காசி கூட."

வீடு வரும்வரை அந்த வசனம் முன்சீட்டில் இருந்து வந்தது.
மினுங்காமல் இருக்கக் காசு கூட.
நாற்பத்தாறு வருசமாய் அதைத்தானே நான்
சும்மா செய்துகொண்டிருக்கிறேன்.

மறுகா ஒரு ஹாட்வெயாரின் கடைசித் தட்டில்
கரும்பலகைக்குப் பூசும் பெயின்ட்டைக் கண்டேன்.
"எந்தப் பள்ளிக்கூடம்?"
பில் எழுதுகிறவர் நிமிராமல் கேட்டார்.
"ஆல்ட்டோ" என்றேன்.
எழுதியேவிட்டார்:
ஆல்ட்டோ வித்தியாலயம், டின் மூன்று.

கச்சான் காலம்.
பகலில் பூசினால் கடற்கரை மணல் பாதி வந்து ஒட்டும்.
மூன்று இரவு நானும் புஸ்பராணியும்
நானூறாம் நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தோம்.
பார்சல் கட்டும் கைகளுக்கு
விரல் ரேகையே மிஞ்சவில்லை.
நாலாம் இரவு, காற்று அடங்கி
நாய்களும் அடங்கியபின்
போன் வெளிச்சத்தில் பஞ்சு ரோலரை உருட்டினேன்.
முதல் பூச்சு, சாம்பல் அப்பிய முகம்.
இரண்டாவது, அடிப்பிடித்த சட்டி.
மூன்றாவது காய்ந்தபோது விடிந்துவிட்டது.
பொனட்டில் குனிந்து பார்த்தேன்.
என் முகம் இல்லை.
அப்பாடா.

"செத்த வீட்டுக்கு ஓடவா?" என்றார் எதிர்வீட்டு வில்வராசா.
ஆசை என்று சொல்ல வாய் வரவில்லை.
"துருப் பிடிக்காதாம்" என்றேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து ஓடர் வந்தது, பேனை இல்லை.
புஸ்பராணி மகளின் பையிலிருந்து சோக் எடுத்து
கதவிலேயே எழுதினாள்:
ஒன்பதாம் வார்ட், மீன் ஆறு, மரக்கறி மூன்று.
எழுத்து அப்படியே பிடித்துக்கொண்டது.
கரும்பலகை அல்லவா.
அன்றிலிருந்து எங்கள் கணக்குப் புத்தகம்
நாலு சில்லில் ஓடுகிறது.

அரசடிச் சந்தியில் பொலிஸ்காரர் மறித்தார்.
புத்தகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார்,
கடைசியாக என்னை.
"இதுல வெள்ளை எண்டு இரிக்கு."
"ஓம்."
தண்டம் எழுதினார்.
எழுதி முடித்தவர் கதவை வாசித்தார்,
"இறால் இரிக்கா?"
"நாளைக்கி."

அன்றிரவு பின்கதவில் கூட்டிப் பார்த்தேன்.
பெயின்ட், தின்னர், தாள், ரோலர்,
தண்டம், நிறம் மாற்றிப் பதியும் காசு,
கச்சேரிக்கு அலைந்த அரைநாள் உழைப்பு.
நிஸ்தார் சொன்னதில் கால்வாசிகூட இல்லை.
இரண்டுதரம் கூட்டினேன்,
அந்தத் தொகையைப் பார்க்கும் சுகத்துக்காக.

ஐப்பசி மழை வந்து எல்லாக் கணக்கையும் கழுவிப் போனது.

"பொலிஷ் மட்டும் போட்டுராதேங்க, மெட் செத்துரும்"
என்று நிஸ்தார் சொல்லியிருந்தார்.
போடவில்லை.
ஆனால் இரண்டு கையிலும் பார்சல் இருக்க
இடுப்பால் இடித்துத்தான் கதவைச் சாத்துகிறேன்,
ஒரு நாளைக்கு இருபது தரம்.
அந்த இடம்
ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு
மினுங்கத் தொடங்கியிருக்கிறது.
குனிந்தால் சேலைக்கரையின் நிறம் தெரிகிறது.

டின்னில் இன்னும் அரைவாசி கிடக்கிறது.
மூடியைத் திறக்கவில்லை.