வந்து

பெரம்பூரில் முதல் மாடி, தையல் பயிற்சி நிலையம்.
சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு
மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டால்
பேச்சாளர் மன்றம்.
குலசேகரன் மூன்று அட்டைகளோடு முன்வரிசையில்.
பச்சை: இனி நிறுத்தினாலும் பாதகமில்லை.
மஞ்சள்: முடிக்கப் பாருங்கள்.
சிவப்பு: உட்காருங்கள்.
ஜெசிந்தா டீச்சரிடம் ஓர் எவர்சில்வர் கிண்ணம்,
உள்ளங்கை நிறையப் புளியங்கொட்டை.
யார் ‘வந்து’ என்றாலும் ஒன்று விழும்.
‘அதாவது’க்கும் உண்டு.
‘என்ன சொல்ல வர்றேன்னா’வுக்கு இரண்டு.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள்.
ஒரு நாளைக்கு இருநூறு வாசல்களில்
ஒரே சொல்: ‘ஈ.பி.!’
பெரும்பாலும் நாய்கள் பதில் சொல்லும்.
மாடிப்படிக்கு அடியில், செருப்புக் குவியலுக்கு மேல் குனிந்து
எண்ணைப் படித்து, அட்டையில் எழுதிவிட்டுக் கிளம்புவேன்.
யாரும் என்னிடம் ஒரு முழு வாக்கியம் கேட்டதில்லை,

போன மே மாதம் வரை.
செம்பியத்தில் ஒருவர் பில்லை என் மூக்குக்கு நேரே ஆட்டி
‘எப்படி இவ்வளவு?’ என்றார்.
அவர் தலைக்கு மேலே புது ஏ.சி. சொட்டிக்கொண்டிருந்தது.
பதில் நெஞ்சு வரை ஏறிற்று. நாக்குக்கு ஏறவில்லை.
தெருவே கூடி நின்று பார்க்க
‘வந்து... சார்... வந்து’
என்றதோடு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

முதல் உரை. தலைப்பு: நான்.
ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.
ஒரு நிமிடம் நாற்பது வினாடியில் நான் தீர்ந்துவிட்டேன்.
பச்சை எழும்பவேயில்லை,
கிண்ணம்தான் ஓயாமல் பேசியது.
‘முப்பத்தொன்று’ என்று ஜெசிந்தா அறிவித்தபோது
‘முதல் நூறு இலவசம்தானே, டீச்சர்’ என்றேன்.
சிரித்தார்கள்.
அந்த வாக்கியத்துக்கு ஒரு கொட்டைகூட விழவில்லை என்பது
29சி-யில் நின்றுகொண்டு போகும்போதுதான் உறைத்தது.

பிறகு எனக்குத் தெரிந்த கணக்கு:
சென்ற வாரம் 31, இந்த வாரம் 26,
வித்தியாசம் ஐந்து.
ஒரு வாரம் நாற்பதுக்கு எகிறியது.
அன்றைய தலைப்பு, என் திருமணம்.
மீட்டர் ஓடாத வீடு பூட்டிய வீடு என்று
சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜூலைக் கடைசியில் என் முறை.
தொண்டையைச் செருமினேன்.
விசிறி நின்றது. டியூப்லைட், மைக், எல்லாம்.
இருட்டில் பத்தொன்பது தலைகள் என் பக்கம் திரும்பியதை
நாற்காலிகள் முனகியதில் தெரிந்துகொண்டேன்.
‘கரண்ட்டுக்காரம்மா, எப்ப வரும்?’

இது தலைப்பில்லை. ஆனால் தெரியும்.
தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைச் சொன்னேன்.
ஃப்யூஸ் போகிற சத்தம்
இங்கிருந்து கேட்டால் பட்டாசு, பக்கத்தில் நின்றால் கன்னத்தில் அறை.
இந்நேரத்துக்குப் பிரிவு அலுவலகத்தில் தாவூத் ஒருவர்தான்,
டிபன் டப்பாவை மூடிவிட்டு வண்டியை எடுத்திருப்பார்,
கையுறையில் இடது கை கிழிசல்,
கம்பத்தடியில் கூடி ‘எப்ப வரும்’ என்பவர்களில்
ஒருவர்கூட டார்ச் பிடிக்க மாட்டார்கள்.
போன புயலில் ஏணியோடு விழுந்தவர்
கண் திறந்ததும் கேட்டது:
‘வந்துடுச்சா?’

குலசேகரன் எந்த அட்டையைத் தூக்கியிருந்தாலும்
அது கறுப்பு.
கிண்ணத்தில் சத்தமில்லை.
ஜெசிந்தா அதைத் தடவித் தேடிக்கொண்டிருந்தாரோ,
விழுவதற்கு ஒன்றும் இல்லையோ,
நான் அந்தப் பக்கம் காது கொடுக்கவில்லை.

விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.
கீழே தெருப்பிள்ளைகள் கத்தினார்கள்,
மாடியில் நாங்களும், வழுக்கை விழுந்தவர்கள் உட்பட:
‘வந்துடுச்சு!’

என் வாய் இன்னும் திறந்தபடி.
சிவப்பு அட்டை உயர்ந்தே இருந்தது, எப்போதிலிருந்தோ.
ஜெசிந்தாவின் விரலிடுக்கில் ஒரு கொட்டை,
போடலாமா வேண்டாமா என்று
என்னைப் பார்த்துக்கொண்டு.