நின்றால் ஒழுகும்

கானாடுகாத்தான் வீட்டுக் கார் கொட்டகையில்
தரையும் சிவப்பு, கியர் ஆயிலும் சிவப்பு.
எங்கே சொட்டுகிறதென்று பிடிபடவில்லை.
சேவுகன் மீந்த கல்யாணப் பத்திரிகைகளை
வெள்ளைப்பக்கம் மேலாகப் பரப்பிவிட்டான்.

இம்பாலாவின் அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
பான் கேஸ்கெட்டை இருமுறை மாற்றியிருந்தேன்.
வீண்பழி.
லீவர் தண்டின் சீல்,
சுண்டுவிரல் மோதிரத்தளவு,
காய்ந்து வெடித்திருந்தது.

ஓடும்போது ஒரு சொட்டு இல்லை.
மாதக்கணக்கில் நின்றால்
கன்வெர்ட்டர் ஆயில் மெல்ல இறங்கி
அந்த விளிம்பைத் தொட்டுவிடுகிறது.

காரைக்குடி போர்வெல் மோட்டார்க் கடையில்
அளவொத்த ஒன்று கிடைத்தது.
முப்பது ரூபாய்.

பினாங்கிலிருந்து சோலையப்பன் கேட்டார்:
“இனிமே ஒழுகாதுல்ல?”

“ஓட்டினா ஒழுகாது.”

போனில் கொஞ்சநேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.

சேவுகன் சாவியைக் கையிலெடுத்தான்.
உனக்கு ஓட்டத் தெரியாதே என்றேன்.

“அதான் கிளச்சே இல்லையே.”