ஒரு கை சட்டைப்பையில்

நூறு வாட் என்று முகத்தில் வெள்ளையாய் எழுதியிருந்தது.
ஃபோவிங்கல் சந்தையில், தொங்குரயிலுக்கு நேர் கீழே,
இருபது யூரோவுக்குத் தந்தவரிடம்
வேலை செய்யுமா என்று கேட்டேன்.
"செய்யும். அதுதான் இதன் குறை" என்றார்.
புரியவில்லை. தூக்கிவந்தேன்.

இரண்டு குளிர்காலம் தர்மினி அதில் வாசித்தாள்.
சுவிட்சைத் தட்டினால் அந்தக் கணமே சத்தம்,
குளிர்சாதனப்பெட்டியைத் திறந்ததும் விழும் வெளிச்சம் மாதிரி,
ஒரே வெள்ளை, ஒரே குளிர்.
கிட்டாரைச் செருகுவாள், கண்ணை மூடுவாள்,
ஒரு மணிநேரத்துக்கு வீட்டில் இருக்கமாட்டாள்.

நவம்பரில் இரண்டு டிரான்சிஸ்டர் எரிந்தன.
ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தவள்
வாசலிலேயே மணத்தைப் பிடித்துவிட்டாள்.
"புதுசு வாங்குவம்" என்றாள்.
நான் லிஃப்ட் திருத்துகிறவன்.
நின்றுபோனதைப் பார்த்தால் வாங்குவம் என்று வாய் வராது.

அந்த வாரம் எங்கள் தெருவில்
பழஞ்சாமான் வெளியே வைக்கும் நாள்.
நனைந்த மெத்தைக்கும் குழந்தை நாற்காலிக்கும் நடுவில்
ஐம்பத்தெட்டாம் ஆண்டு ரேடியோ ஒன்று.
கண்ணாடியில் ஊர்கள்: ஹில்வெர்சம், பெரோமுன்ஸ்டர், லக்சம்பர்க்.
எங்கள் ஊர் இல்லை. ஏன் இருக்கப்போகிறது?
ஆனாலும் ஒருமுறை
இடமிருந்து வலமாக விரலை ஓட்டிப் பார்த்தேன்.

அதன் வயிற்றிலிருந்து இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு வால்வு.
மூன்றாவது வால்வு ஸ்லோவாக்கியாவிலிருந்து தபாலில் வந்தது,
முட்டை மாதிரிப் பொதிந்து.

ஆம்பின் பழைய பலகையைக் கழற்றியபோது
பின்பக்கம் பென்சிலில் ஒரு தேதி, 17.3.81,
"சோதித்தது" என்ற சொல், ஹெச் என்ற எழுத்து.
ஹெச்சே, உன்னில் பிழை இல்லை.
உன் பற்றாசு இன்னும் பளபளக்கிறது.
பலகையைத் துணியில் சுற்றி
கரண்டி வைக்கும் இழுப்பறையில் வைத்தேன்.

"விசரே உங்களுக்கு?
நூறைக் குடுத்து அஞ்சை வாங்குறீங்கள்."
உண்மை. இனி ஐந்தே வாட்.
பாரம் மட்டும் நான்கு கிலோ கூடியிருந்தது.

முந்நூறு வோல்ட்.
செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கி அதை வைத்திருக்கும்.
பழைய கோபம் மாதிரி என்று சொல்ல வந்தேன்,
வேண்டாம், கோபம் கொன்றதை நான் பார்த்ததில்லை.
ஒரு கையால் மட்டும் தொடு,
மற்றதைச் சட்டைப்பையில் போட்டுவை,
இரண்டும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்.
வேலை பழகிய முதல் நாள் சொல்லித்தந்தார்கள்.
மூன்று வாரம் ஒற்றைக்கையனாய்ச் சமையலறை மேசையில்.
சோறு ஹாலில்.

முதல் முறை போட்டபோது ஊளையிட்டது.
ஒரே சுரத்தில், அறுபடாமல்,
கண்ணாடி அலமாரிக்குள் கோப்பைகள் நடுங்கின.
கீழ்வீட்டு கிளூசனர் அம்மா படியேறி வந்தார்,
உள்ளங்கையில் காதுக்கருவி.
"இதைக் கழற்றிவிட்டேன். அப்போதும் கேட்கிறது."
மன்னிப்பு, ஒரு துண்டு கேக்.

விடியும்வரை வரைபடத்தைப் பார்த்தேன்.
கடைசியில், இரண்டே கம்பி.
நீலம் இருந்த இடத்தில் பழுப்பு, பழுப்பு இருந்த இடத்தில் நீலம்.
திரும்பிப்போகும் சத்தம் தன்னைத் தணிக்காமல்
தன்னையே தூண்டிக்கொண்டிருந்திருக்கிறது.
மாற்றினேன்.
அமைதி என்று சொல்லமுடியாது,
தண்ணீர் கொதிக்குமுன் கேட்கும் ஒரு சின்ன முணுமுணுப்பு.

ஞாயிறு மாலை தர்மினி செருகினாள். தட்டினாள்.
ஒன்றும் இல்லை.
"செத்துப்போச்சு" என்றாள்.
"சூடாக வேணும். முப்பது வினாடி."

கண்ணை மூடவில்லை.
எங்கே பார்ப்பது என்று தெரியாதவள் மாதிரி
பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.
கண்ணாடிக்குள் செம்மஞ்சளாய் ஏதோ கனிந்துகொண்டிருந்தது.
இரவு வேலையில் ஆறாம் அறைக் கிழவர்
நர்சுகளுக்கு விசிலடிக்கும் கதையைச் சொல்லத் தொடங்கினாள்,
எனக்குத் தெரியாத கதை.
ஜன்னலுக்கு வெளியே தொங்குரயில் ஒன்று வளைவில் திரும்பியது.
முப்பது எப்போதோ தாண்டிவிட்டது.
நான் சொல்லவில்லை.

கதையின் நடுவில் நிறுத்தி,
"அதுசரி, இன்னும் என்னத்துக்கு
ஒரு கையைப் பைக்குள்ள வச்சிருக்கிறீங்கள்?"