காய் செய்தல்

படிவத்தில் ஆறாவது கட்டம் மதம்.
முந்தைய நாற்பது வீடுகளிலும் கேட்காமலே நிரப்பியிருந்தேன்.
சாருபாலா மாஜியின் வீட்டிலும் அப்படித்தான்,
செருப்பைக் கழற்றும் முன்பே.

புருலியா. மாசி வெயில்.
வேலிக்கு அப்பால் புரசு
ஓர் இலைகூட இல்லாமல் பூத்துக் கிடந்தது.
அரிவாள்மணையின் கட்டையை மிதித்து உட்கார்ந்து
கத்தரிக்காயைப் பிளந்து, உள்ளே பார்த்து,
வெளிச்சத்தில் திருப்பி இன்னொரு முறை பார்த்து,
பிறகுதான் சட்டித் தண்ணீரில் விட்டார்.
புழு இருந்த பாதியை மட்டும்
எழுந்து போய்
வேலியோர நிழலில் வைத்துவிட்டு வந்தார்.

நான் பாங்குராக்காரன், பள்ளிக்கூட வாத்தியார்.
இன்னும் பதினேழு வீடு பாக்கி.
"அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள் அம்மா,
கோத்திரம் என்ன, சொல்லுங்கள்" என்றேன்.

கை நின்றது.
சட்டியைத் தூக்கி, தண்ணீரோடு காயோடு
பசுவின் தொட்டியில் கவிழ்த்தார்.
சாம்பல் போட்டுத் தேய்த்தார்.
கூடையிலிருந்து புதுக் காய் எடுத்தார்.
கோபம் இல்லை.
தூறல் விழுந்ததும் கொடியில் துணி எடுப்பார்களே,
அப்படி.

நெல்மூட்டையில் சாய்ந்திருந்த ஹாராதன்தான் சொன்னார்:
"அந்தச் சொல் எங்கள் அடுப்பங்கரையில் கிடையாது.
காய் செய்கிறோம் என்போம்.
அது காதில் விழுந்த காய் தொண்டையில் இறங்காது."
அத்தியையும் தொடுவதில்லையாம்.
பிட்டுப் பார்த்துவிட்டுச் சொத்தை என்பானேன்?
அது யாரோ குடியிருக்கும் வீடு.

கோத்திரம்: ஆதிதேவர்.
யார் அவர்?
"தெரியாது. பெயர் மட்டும்தான் எங்கள்வரை வந்து சேர்ந்தது.
வயலில் நிற்கிறாரே, துணியில்லாமல், கைகளைத் தொங்கவிட்டு,
அவராக இருக்கலாம்.
அண்டை ஊரார் பைரவர் என்கிறார்கள்.
பங்குனியில் கிடா கொடுப்பார்கள்.
அன்று மட்டும் அந்தப் பக்கம்
நாங்கள் மாடு ஓட்டுவதில்லை."

போன வருடம் குஜராத்திலிருந்து ஒரு முனிவர்
வாயில் வெள்ளைத் துணியோடு நடந்தே வந்தாராம்.
நீங்கள் சராக்; சராக் என்றால் சாவகர்;
எங்கள் தொலைந்துபோன பிள்ளைகள் என்று
சொல்லி அழுதாராம்.

"நாங்கள் எங்கே தொலைந்தோம்?"
சாருபாலா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.
"இங்கேதானே இருக்கிறோம்."

ஆறாவது கட்டத்தில் என் மை காய்ந்திருந்தது.
எழுதியதைக் கோடு போட்டு நீக்குவதற்கும்
எங்கள் பேச்சில் அதே சொல்தான்.
பேனாவைத் திறந்தேன்.
அவர் அடுத்த கத்தரிக்காயை
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.